சட்டையை விரித்துப் பார்த்ததில் பெண் என்று உறுதியானது

என்னிடம் வளரும் மெக்சிகோ செம்முழங்கால் டாரன்டுலா சிலந்தி பெண்தான் என்பது இம்முறை அது சட்டை (பழைய புறத்தோல்) உரித்ததில் ஐயமற உறுதியாகிவிட்டது. வயிற்றின் பருமனையும் காலின் நீளத்தையும் வைத்துச் சொல்லப்படும் ஊகங்களை நான் ஏற்பதில்லை. பெண் சிலந்தி ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் விந்துப்பையின் உட்சுவரும் புறத்தோலின் தொடர்ச்சியே என்பதால் அது ஒவ்வொரு முறையும் சட்டையோடு உரிந்து வருகிறது; முதிராத சிலந்தியில் அதைவிட நம்பகமான சான்று வேறில்லை.

கால்களும் தலைமார்பும் முழுதாகக் கழன்றுவிடும்; வயிற்றுத் தோல்தான் சுருண்டு முறுகிவிடுகிறது. உலர்ந்த நிலையில் பிரித்தால் கிழிந்துவிடும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு நன்றாக ஊறவைத்து, நீருக்குள்ளேயே மெல்லிய ஓவியத் தூரிகையால் சிறிது சிறிதாக விரித்தேன். உரிந்த தோலிலும் அரிப்பு முடிகள் இருக்குமாதலால் கையுறை கட்டாயம். சிலந்தியின் மூச்சுறுப்புகளான புத்தக நுரையீரல்களின் நான்கு வெண்தகடுகளும் தெரிந்த பிறகு பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: முன் இணைக்கு நடுவே குறுக்காக ஓடும் பிளவின் மேல் விளிம்பு. ஆணிலும் அங்கே சிறு புடைப்புகள் தோன்றி ஏமாற்றக்கூடும். ஆகவே கீழிருந்து கைப்பேசி விளக்கைப் பாய்ச்சி, பத்து மடங்கு லென்ஸின் வழியே பார்த்தபடி தூரிகை நுனியால் நெருடினேன். அகன்ற, பிளவுபடாத மடிப்பு ஒன்று தனியே எழுந்து நின்றது; அதுவே விந்துப்பை. இவ்வளவு தெளிவாக விரிந்த சட்டை இதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

விற்பனையாளர் பெட்டியின் மீது ‘பிராக்கிபெல்மா ஸ்மிதி’ என்ற அறிவியல் பெயரை மட்டும் எழுதித் தந்திருந்தார். அது எனக்குப் போதுமானதாக இல்லை. வளர்ப்பாளர்களிடையே நெடுங்காலம் ஸ்மிதி என்று புழங்கியவற்றில் பெரும்பாலானவை அதே பேரினத்தின் மற்றோர் இனமான ஹாமோரி என்பது ஆய்வாளர்கள் மெண்டோசாவும் பிராங்கேயும் 2017இல் வெளியிட்ட மறுஆய்வுக்குப் பிறகு தெரிந்த செய்தி. விற்பவர்கள் இன்னும் பழைய பெயரையே ஒட்டுவது பொறுப்பற்ற செயல். ஸ்மிதி 1985 முதலும் பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் 1994 முதலும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கும்போது, இரண்டையும் அறியாமல் இணைத்துக் கலப்பினக் குஞ்சுகளைப் பரப்புவது பெருந்தீங்கு. விந்துப்பையின் அடித்தகட்டு வடிவம் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் என்பதால், அப்பகுதியை மட்டும் வெட்டிக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே தட்டையாக உலர்த்துகிறேன். இனம் தெளிவான பின்னரே ஆண் தேடும் திட்டம்.

நச்சுப்பற்கள் வெண்மையிலிருந்து சிவப்புக்குத்தான் மாறியுள்ளன. அவை நன்கு கறுக்கும்வரை சிள்வண்டு எதையும் உள்ளே விடாமல் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பி வருகிறேன்.