எல்லாரும் லெவல் 2 தான், ஆனா...

திருச்சில ஸ்கூல் டீச்சரா இருந்துட்டு கனடா வந்தவ நான். இங்க வந்து டெஸ்ல், அதாவது இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க டீச்சர் கோர்ஸ் படிச்சு, பிராக்டிகம்னு நிஜ கிளாஸ்ல பயிற்சி எல்லாம் முடிச்சு சர்டிபிகேட் வாங்கினப்புறம் தான் டொரண்டோல ஸ்கார்பரோ பக்கம் ஒரு லிங்க் கிளாஸ்ல வேலை கிடைச்சுது. லிங்க்னா புதுசா வந்தவங்களுக்கு ஃபெடரல் கவர்மெண்ட் காசுல நடக்குற ஃப்ரீ இங்கிலீஷ் கிளாஸ், 1992ல ஆரம்பிச்சது. பி.ஆர், அதாவது நிரந்தரமா தங்குற அனுமதி, இருக்குறவங்க, அகதின்னு ஏத்துக்கிட்டவங்க எல்லாம் சேரலாம், சிட்டிசன் ஆயிட்டா முடியாது, மாகாண அரசு நடத்துற வேற கிளாஸுக்கு போகணும்.

சேர்றதுக்கு முன்னாடி டெஸ்ட் வெச்சு லெவல் போடுவாங்க, மொத்தம் 12. சிட்டிசன்ஷிப் கேக்குறவங்க 18லேர்ந்து 54 வயசுக்குள்ள இருந்தா பேசுறதுலயும் கேக்குறதுலயும் லெவல் 4 காட்டணும், அதனால முக்காவாசி பேருக்கு அந்த நாலு மேல தான் கண்ணு.

ஆனா லெவல் 2ன்னு ஒரே லிஸ்ட்ல வந்து உக்கார்றவங்கள பாக்கணுமே. சிரியாலேர்ந்து வந்த ஒரு பல் டாக்டர், கிராமர் ரூல் ஒருதடவ சொன்னா போதும், மறுநாள் நோட்டு ஃபுல்லா எழுதிட்டு வருவாரு. அவருக்கு பக்கத்து சீட்ல எரித்ரியாலேர்ந்து வந்த ஒரு அம்மா, பஸ்ல கடைல எல்லாம் பேசி சமாளிச்சுடுவாங்க, ஆனா எந்த மொழிலயும் எழுதப் படிக்க தெரியாது, பென்சில் புடிக்குறதுலேர்ந்து ஆரம்பிக்கணும். இவங்களுக்குன்னு தனியா லிட்டரசி கிளாஸ் உண்டு, ஆனா வீட்டுக்கு பக்கத்துல இருக்கணும், குழந்தைய பாத்துக்க இடம் இருக்கணும், எல்லாம் ஒத்து வராதப்ப என் கிளாஸுக்கு தான் வருவாங்க. இவங்களுக்கு டெக்ஸ்ட்புக் சுத்தமா உதவாது. அவங்க காலைல என்ன பண்ணாங்கன்னு கேப்பேன், சொல்றத அப்படியே நாலு வரியா போர்டுல எழுதுவேன், அதையே வாசிக்க வைப்பேன். சொந்த கதைங்குறதால அடுத்து என்ன வரும்னு அவங்களுக்கே தெரியும், எழுத்து மெதுவா மனசுல ஏறும். அடுத்தது சூப்பர் மார்க்கெட் ஃப்ளையர், படம் இருக்கு, விலை இருக்கு, அதுக்கு மேல என்ன பாடம் வேணும்!

காது சரியா கேக்காத ஒருத்தர் இருக்காரு, ஸ்பீக்கர்ல ஆடியோ போட்டா ரூம் எதிரொலிக்கும், அவருக்கு ஒண்ணும் புரியாது, அது இங்கிலீஷ் தெரியாததால இல்ல. அதனால ஆடியோவ விட்டுட்டு அவர் எதிர்ல நின்னு நானே வாசிச்சுடுவேன். ஃபயர் டிரில் இருந்தா முதல் நாளே சொல்லிடுவேன், குண்டு சத்தத்துல வாழ்ந்துட்டு வந்தவங்களுக்கு அந்த சைரன் என்ன பண்ணும்னு சொல்லத் தேவையில்ல. "உங்க குடும்பத்த பத்தி சொல்லுங்க"ங்குற பாடம் எல்லா புக்லயும் முதல்ல வரும், எனக்கு அது புடிக்கவே புடிக்காது, யார் வீட்ல யார் உயிரோட இருக்காங்கன்னு நமக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு பதிலா சாப்பாட்ட பத்தி பேச விட்டா போச்சு.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க, அறுபதுக்கு மேல, சிட்டிசன்ஷிப்புக்கு லெவல் 4 காட்டவே தேவையில்லாத வயசு. ஏன் வர்றீங்கன்னு கேட்டதுக்கு, "பிள்ளை, எனக்கு சிட்டிசன்ஷிப்புக்கு இல்ல, டொக்டரிட்ட தனிய போய் என்ர வருத்தத்த நானே சொல்ல வேணும், ஒவ்வொருக்காலும் மருமகள கூட்டிக்கொண்டு போய் எல்லாத்தயும் கதைக்கேலுமே?"ன்னாங்க. அன்னிலேர்ந்து கிளினிக்குக்கு போன் பண்றது, எங்க வலின்னு சொல்றது, பேர ஸ்பெல் பண்றது எல்லாத்தையும் நடிச்சே பண்றோம். ஸ்பெல்லிங் கூத்து தனி. அரபில B சவுண்ட் மட்டும் தான், P கிடையாது, நம்ம தமிழ்லயோ ரெண்டுக்கும் ஒரே எழுத்து ப, அதனால ரெண்டு பக்கமும் போன்ல எழுத்து மாறிக்கிட்டே இருக்கும், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். அந்தம்மாவுக்கு கண்ணு மங்கல், ஒர்க்‌ஷீட்ட பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து குடுக்குறேன், இப்ப பாதி பேர் அதையே கேக்குறாங்க.

எனக்கு இருக்குற ஒரே எரிச்சல் அந்த ஃபைல் தான். ஒவ்வொருத்தரும் செஞ்ச வேலைய தேதி போட்டு, பிரிவு பிரிச்சு பைண்டர்ல வெக்கணும், அத வெச்சு தான் லெவல் ஏத்துவோம். படிச்சவங்களுக்கு நல்ல முறை தான், இல்லன்னு சொல்லல. பென்சில் இப்ப தான் புடிக்குறவங்களுக்கு பேப்பர எந்த பக்கம் திருப்பி சொருகணும்னு காட்டவே கிளாஸ் நேரம் போயிடுது.

டெஸ்ல் பண்ண நினைக்குற நம்மாளுங்க, பிராக்டிகத்துக்கு முடிஞ்சா லிட்டரசி கிளாஸ் கேட்டு வாங்குங்க. ஊர்ல எத்தன வருஷம் கிளாஸ் எடுத்திருந்தாலும் சரி, அங்க முதல் வாரம் பாடம் எடுக்க வேணாம், சும்மா உக்காந்து பாருங்க.