கின்மவுன்ட் முதல் ஹாலிபர்ட்டன் வரை: பனித்தட நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 21, வெள்ளி

வரைபடம் பச்சைக்கு வந்துவிட்டது. ஸ்நோமொபைல் என்பது முன்னே சறுக்குக் கட்டையும் அடியில் சுழலும் ரப்பர் பட்டையும் கொண்ட பனிவண்டி. ஒன்ராறியோ ஸ்நோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு அது ஓடும் தடங்களை இணைய வரைபடத்தில் மூன்று நிறங்களில் காட்டும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் பார்த்துப் போகலாம், சிவப்பு என்றால் வீட்டில் இருக்கலாம். போன குளிர்காலத்தில் சிவப்பைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனது. இந்த முறை 12ஆம் திகதி இரவும், பிறகு 15, 16ஆம் திகதிகளிலும் கொட்டிய பனியில் ஸ்காபரோவில் எங்கள் தெரு புதைந்தது. வாசலைத் தோண்டித் தோண்டி முதுகு விட்டுப்போயிற்று. அந்தப் பனிக்காகத்தான் இப்போது வடக்கே கின்மவுன்ட் என்ற ஊருக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டப் போகிறோம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அண்ணை சொல்லிவிட்டார். மச்சான் முணுமுணுத்தான். ஆனால் விஷயம் இதுதான்: தடத்தைச் சமப்படுத்தும் க்ரூமர் இயந்திரம் பெரும்பாலும் இரவில்தான் ஓடும். மேடுகளைச் சீவி, பனியைப் புரட்டி, அழுத்திவிட்டுப் போகும். அது இறுகிக் கெட்டியாகச் சில மணி நேரக் கடுங்குளிர் வேண்டும். அதை ஓட்டுவதும், பலகை நடுவதும், விழுந்த மரங்களை வெட்டுவதும் பெரும்பாலும் உள்ளூர்க் கழகத் தொண்டர்கள். அவர்கள் இரவெல்லாம் போட்ட வேலையை முதலில் வருபவர்கள் அனுபவிப்பார்கள். பத்து மணிக்கு வருபவர்கள் மிச்சத்தில் ஓடுவார்கள்.

ட்ரெய்லரில் இரண்டு வண்டிகள் ஏற்றியாயிற்று. மற்ற இரண்டும் கியூபெக் நண்பருடைய ட்ரெய்லரில் வருகின்றன. ரோல்ஸும் மிதிவெடியும் (சாப்பிடுகிற மிதிவெடிதான்) மச்சான் பொறுப்பு.

22, சனி – காலை

கின்மவுன்ட் பழைய ரயில் நிலையத்தருகே இறங்கியபோது மைனஸ் 14. வண்டிகளை ட்ரெய்லரில் கட்டியிருந்த, பனிக்கட்டி பிடித்த நாடாக்களை இழுத்து அவிழ்ப்பதற்குள் விரல் மரத்துப்போனது.

இங்கிருந்து ஹாலிபர்ட்டன் ஊர் வரை தடம் என்பது ஒரு காலத்து ரயில்பாதைதான். லின்ட்சேயிலிருந்து புறப்பட்ட விக்டோரியா ரயில்பாதை 1878இல் ஹாலிபர்ட்டனைத் தொட்டது. தண்டவாளம் போய்ப் பல காலமாயிற்று. ரயிலுக்காக வெட்டிய மட்டமான வழி மட்டும் பர்ன்ட் ஆற்றை ஒட்டிப் போகிறது. இந்தப் பாதையில் வேலை செய்ய 1874 இலையுதிர்காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து 300க்கும் மேற்பட்டவர்கள் கின்மவுன்ட்டுக்கு வந்தார்கள். நெரிசலான மரக்குடில்களில் கழித்த அந்த முதல் குளிர்காலத்தில் அவர்களுடைய குழந்தைகள் பலர் நோயில் இறந்தனர். அடுத்த ஆண்டே பெரும்பாலானவர்கள் வேறிடம் தேடிப் போனார்கள்; மனிடோபாவின் கிம்லி குடியேற்றம் அப்படி உருவானது. எங்கள் வீடுகளிலும் முதல் குளிர்காலத்துக் கதைகள் உண்டு. ஆனால் எங்களுக்கு ஹீட்டர் இருந்தது.

தடம் சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாகக் கிடந்தது. வேறு வண்டியின் சுவடு ஒன்றுகூட இல்லை. வேகம் கொடுக்கும் த்ராட்டிலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் போதும்; வண்டி தானாக மிதந்து போகிறது. சட்டப்படி இந்தத் தடங்களில் மணிக்கு 50 கி.மீ. தான். ஊரில் காரில் 50 போனால் எரிச்சல் வரும். இங்கே ஹெல்மெட்டுக்குள் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டு, ஆற்றின் மேல் பாலத்தைக் கடக்கும்போது 50 என்பது தாராளம்.

எதிரே வருபவர்கள் கையுயர்த்தித் தங்களுக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்டுவார்கள். கடைசி ஆள் முஷ்டியை மூடிக் காட்டுவார். ஒவ்வொரு சந்தியிலும் நின்று, பின்னால் வருபவரின் விளக்கு தெரிந்த பிறகே திரும்ப வேண்டும் என்பது அண்ணையின் விதி. அவர் முன்னே, நான் கடைசி. முஷ்டி காட்டும் உத்தியோகம் எனக்கு.

22, சனி – மதியம்

ஹாலிபர்ட்டனில் பெற்றோல் அடித்துச் சூப் குடித்தோம். ஹெட் ஏரி வெள்ளையாக விரிந்து கிடந்தது. குறுக்கே போனால் நேரம் மிச்சம் என்றான் மச்சான். அண்ணை தலையாட்டவில்லை. ஸ்நோமொபைலுக்கு ஏரிப் பனிக்கட்டி குறைந்தது 25 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும் என்கிறது செஞ்சிலுவைச் சங்கம். பனி நிறையப் பெய்த ஆண்டில் ஏரியை இன்னும் குறைவாகவே நம்ப வேண்டும். மேலே கிடக்கும் பனி போர்வையாகிக் குளிரைக் கீழே விடாது. அதன் பாரத்தில் கட்டி அமிழ்ந்து, வெடிப்பு வழியே தண்ணீர் மேலேறிச் சேறாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரையோரத் தடத்திலேயே போனோம்.

சூப் ஆறும்வரை கியூபெக் நண்பர், ஸ்கி-டூ பனிவண்டியை உருவாக்கிய பொம்பார்டியேயின் கதையைச் சொன்னார். அவருடைய ஊர்ப்பக்கம் வால்கோர். 1934 குளிர்காலத்தில் ஜோசப்-ஆர்மாண்ட் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் வயிற்று உள்ளுறை அழற்சியில் (பெரிட்டோனைட்டிஸ்) இறந்தான். பனி மூடிய வீதியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஏற்கெனவே பனிவண்டிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தவர், 1937இல் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் கொண்ட தன் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். டாக்டரும் தபாலும் போகப் பெரிய மூடுவண்டிகள் செய்தார். 1948இல் கியூபெக் அரசு கிராமப்புற வீதிகளிலும் பனி அகற்ற ஏற்பாடு செய்ததும் அந்த வியாபாரம் சரிந்தது. சிறிய வண்டியான ஸ்கி-டூ 1959இல்தான் வந்தது. வீதிகளைச் சுத்தம் செய்திருக்காவிட்டால் நாம் இன்று பஸ் ஓட்டிக்கொண்டிருப்போம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தப் பையன்தான் மனதில் நின்றான்.

22, சனி – இரவு

ஊருக்கு வடகிழக்கே காட்டுத் தடங்களில் மேடேறி இறங்கி வட்டமடித்து, நான்கு மணிக்குத்தான் ரயில்தடத்துக்குத் திரும்பினோம். காலையில் கண்ட தடமா இது? நாள் முழுவதும் ஆட்கள் வேகமெடுத்து, பிரேக் அடித்து, பட்டைகளால் பனியைக் கிளறிக் குவித்ததில் முழங்கால் உயரத்துக்கு மேடும் பள்ளமும். உட்கார்ந்து ஓட்ட முடியாது. கால்களைத் தளர்த்தி, பாதி நின்றபடி, ஒவ்வொரு மேட்டையும் முழங்காலில் வாங்க வேண்டும்.

அப்போது மச்சானுடைய வண்டி உறுமியது, நகரவில்லை. பக்கப் பலகையைத் திறந்ததும் எரிந்த ரப்பர் நாற்றம். எஞ்சினின் விசையைப் பட்டைக்குக் கொண்டுபோகும் பெல்ட் கிழிந்து, அதன் நூல்கள் முன் கிளட்ச்சின் அச்சில் கறுப்புச் சிக்காகச் சுற்றியிருந்தன. உதிரி பெல்ட் மூடிக்குள்ளேயே இருந்தது. மாட்டுவது பெரிய காரியமில்லை, சிக்கெடுப்பதுதான் வேலை. ஒரு நூலை விட்டுவிட்டாலும் புதுப் பெல்ட்டும் நாசம். கையுறையோடு பிடிபடவில்லை. கழற்றிவிட்டு ஒருவர் மாற்றி ஒருவர் விரல் விறைக்கும்வரை பிடுங்கினோம். விறைத்தவர் தன் வண்டியின் சூட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணை டோர்ச்சை வாயில் கவ்வியபடி பின் கிளட்ச்சை விரித்து, அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்கும்படி பெல்ட்டை இறக்கினார். வழியில் போன முன்பின் தெரியாத இரண்டு பேரும் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றாமவரும் கேட்டார்.

பிறகு க்ரூமரே எதிரில் வந்தது, மினுங்கும் விளக்கோடு, தடத்தை முழுதாக அடைத்துக்கொண்டு. ஓரத்தில் ஏறி நின்று வழிவிட்டோம். ஓட்டுநர் கையசைத்தார். அவருக்கு இனித்தான் வேலை தொடங்குகிறது. அவர் சீவிவிட்டு வந்த தடம் இன்னும் இறுகவில்லை. அதில் எங்கள் சுவடு ஆழமாக விழுந்தது பார்க்கச் சங்கடமாக இருந்தது.

23, ஞாயிறு

வலது கட்டைவிரல் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க மறுக்கிறது. சுமார் 160 கி.மீ. த்ராட்டிலை அழுத்தியதன் கணக்கு. தொடையும் தோளும் தனிக்கணக்கு.

26, புதன்

வெப்பம் பூச்சியத்துக்கு மேலே ஏறிவிட்டது. கூரை சொட்டுகிறது. மச்சான் உதிரிக்கு உதிரி தேடிப் பழைய பெல்ட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதென்று படம் அனுப்பினான். "தம்பி, அதை இடுப்பில் கட்டிக்கொள், வண்டிக்குப் புதிது வாங்கு" என்று அண்ணை பதில் போட்டிருக்கிறார். வாங்கிவிட்டான். வண்டியில் ஏறியிருப்பதும் புதுசுதான், அதை முதலில் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். அதனால் அடுத்த முறை முன்னே போவது அவன்.