போரெக்டஸ் ஒரு வழியாகப் படிந்தது

பழைய லத்தீன் தேவாலயப் பாட்டுகளின் சுரங்களைச் சதுரச் சதுரமாகக் குறிக்கும் சதுரச் சுரக்குறியை எழுதிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் புரியும் சந்தோஷம் இது. போரெக்டஸ் என்பது மேல், கீழ், மறுபடி மேல் என மூன்று சுரத்தைச் சேர்த்து எழுதும் குறி. அதில் முதல் இரண்டு சுரத்துக்கான அந்தத் தடித்த சாய்கோடு ஓரம் பிசிறாமல், நுனியில் மசி தேங்காமல் இப்போது தொடர்ந்து வருகிறது.

எழுதிக்கொண்டிருப்பது 'தியேஸ் ஈரே'. இறந்தோர் திருப்பலியில் பாடிய பழைய லத்தீன் பாட்டு, 1570 திருப்பலி நூல் விட்டுவைத்த நான்கு சீக்வென்ஸ்களில் (நற்செய்திக்கு முன் பாடும் நீண்ட பாட்டுகள்) ஒன்று. ஃபா மி ஃபா ரே, மி தோ ரே ரே என்று அசைக்கு ஒரு சுரமாகத் தொடங்கும். அதே மெட்டு திரும்பத் திரும்ப வருவதால் கைப்பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாட்டு கிடையாது. போரெக்டஸை மட்டும் கழிவுத்தாளில் தனியாக எழுதிப் பழகினேன்.

சிக்கல் பேனாவின் கோணத்தில்தான். நிப்பின் விளிம்பு வரிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் வலப்பக்கம் இழுத்தால் சதுரம், கீழே இழுத்தால் மயிரிழைக் காம்பு, சாய்த்து இழுத்தால் போரெக்டஸ். மூன்றும் ஒரே பிடியில் வந்துவிடும். ஆனால் மணிக்கட்டை முறுக்கி அந்தக் கோணத்துக்குக் கொண்டுவந்தால் பத்து சுரத்துக்குள் கை வலிக்கிறது. கையை விட்டுவிட்டுத் தாளைக் கடிகாரச் சுற்றில் 45 டிகிரி திருப்பிப் பாருங்கள், வேலை முடிந்தது. அதனால் முதலில் பக்கம் முழுக்க லத்தீன் வரிகள், அப்புறம் தாளைத் திருப்பிச் சுரங்கள். அந்தக் காலத்து எழுத்தர்களும் பெரும்பாலும் வரியை எழுதிவிட்டுத்தான் சுரத்துக்கு வந்தார்கள்.

சாய்கோட்டின் அடியில் மசி திரண்டு நின்றதற்கு மருந்து பிசின். கருவேலம்பிசின் கொஞ்சம் கூட்டியதும் அடங்கிவிட்டது. பிறகு நிப்பின் ஒரு மூலையை மட்டும் ஊன்றி மேலே இழுத்தால் மூன்றாவது சுரத்துக்கான மெல்லிய கோடு தானாக வரும்.

மசிக்கு வேண்டிய சாமான் எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது: மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), பிசின். மாசிக்காயில் ஓட்டை விழாததாகப் பொறுக்குங்கள், துவர்ப்பு அதில்தான் அதிகம். அன்னபேதி பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். ஒரு கடையில் வெளுத்த பொடியைக் கட்டிக் கொடுத்துவிட்டு "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்று இல்லை! அன்னபேதி அளவு மிஞ்சினால் மசி தாளையே அரித்துவிடும், அதையும் கவனியுங்கள். சிவப்புக் கோட்டுக்கு ஜாதிலிங்கம் பக்கமே போகவில்லை, அது பாதரசச் சேர்மம். கடை மசி போதும்.

சுரத்துக்கான கோடுகளை ஒரே இழுப்பில் போடும் ராஸ்ட்ரம் பேனா ஐந்து முனையில்தான் கிடைக்கிறது. சதுரச் சுரக்குறிக்கு நான்கு கோடுதான். ஓரத்து முனையை அறுத்து எறிந்தேன், நான்காகிவிட்டது.

இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. மனசு அதற்குள் 'ஹேக் தியேஸ்' பக்கம் போய்விட்டது. ஈஸ்டர் திருப்பலியில் வாசகத்துக்குப் பின் பாடும் பாட்டு (கிராதுவாலே), ஒரே அசையில் சுரம் கொத்துக் கொத்தாக வரும். அதை எஃகு நிப்பில் எழுத விருப்பமில்லை. வாத்து இறகு வேண்டும், வலக்கைக்காரனுக்கு இடச் சிறகிலிருந்து எடுத்தது. பண்ணை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.