பொது மைதானத்தில் எங்கள் கிளப்: குத்தகையைப் புதுப்பித்த அனுபவம்

இங்கிலாந்தில் நான் வசிக்கும் சிற்றூரின் கிரிக்கெட் கிளப்பில் செயலாளராகப் பொறுப்பேற்ற நாளில், எனக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் ஒரு சாவிக்கொத்தையும் ஓர் அட்டைப்பெட்டியையும் என்னிடம் ஒப்படைத்தார். பெட்டியில் பழைய ஸ்கோர் புத்தகங்களுக்கு அடியில் எங்கள் குத்தகைப் பத்திரம் கிடந்தது. அது முடிவதற்குப் பதினான்கு மாதங்களே இருந்தன. தலைமுறைகளாக ஆடிவரும் இடம்தானே, இரண்டு கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைத்தேன். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. இடையில் ஒரு சீசன் முழுவதும், காலாவதியான பத்திரத்தின் நிபந்தனைகளிலேயே ஆடினோம்.

மைதானத்தின் உரிமையாளர் ஓர் அறக்கட்டளை. அதன் மூல ஆவணத்தின் நகலை வாங்கிப் படித்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலம் ஊர்மக்களின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் உரியது என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் கிளப்பின் பெயரோ கிரிக்கெட் என்ற சொல்லோ எங்கும் இல்லை. ரோலரும் திரைப்பலகையும் எங்களுடையவை, புல்லை வெட்டுவதும் நாங்கள்தான் என்பதால், நிலமும் எங்களுடையது போன்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது.

நாங்கள் முதலில் கேட்டது மைதானம் முழுவதற்குமான நீண்டகாலக் குத்தகை. புதிய பெவிலியன் கட்ட மானியம் தருபவர்கள், இடம் பல ஆண்டுகளுக்கு எங்கள் கையில் இருக்கும் என்பதற்கு அத்தாட்சி கேட்டதே அதற்குக் காரணம். அறங்காவலர்களின் வழக்கறிஞர் மறுத்துவிட்டார். உதாரணமாக அவர் சுட்டியது பாத் நகரின் ரெக் மைதானத்தை. பாத் ரக்பி கிளப் 1894 முதல் ஆடிவரும் அந்த நிலம் பொது அறக்கட்டளைச் சொத்து என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அங்கே நிரந்தர அரங்கம் அமைக்கும் கேள்வி அறக்கட்டளை ஆணையம், தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தது. அதே நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திய 1922ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுகூட 2021 டிசம்பரில்தான். அவ்வளவு பெரிய கிளப்புக்கே அந்தப் பாடு என்றால் நாங்கள் எம்மாத்திரம் என்று எங்கள் பொருளாளர் முணுமுணுத்தார்.

ஆகவே கோரிக்கையை இரண்டாகப் பிரித்தோம். பெவிலியனுக்கும் அதைச் சுற்றிய சிறு பகுதிக்கும் மட்டும் பதினைந்து ஆண்டுக் குத்தகை. ஆடுகளத்துக்குக் கோடைக்கால வார இறுதிகளில் பயன்படுத்தும் உரிமம். உரிமம் நிலத்தை யாருக்கும் கைமாற்றுவதில்லை. ஆட்டம் இல்லாத நேரத்தில் நாயோடு நடப்பவரும் பட்டம் விடும் பிள்ளையும் வழக்கம்போல உள்ளே வரலாம். பெவிலியனின் கழிப்பறையையும் கூடத்தையும் பிற ஊர் அமைப்புகளும் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனைக்கும் ஒப்புக்கொண்டோம்.

அதன் பிறகு நடந்தவை 2011ஆம் ஆண்டு அறக்கட்டளைகள் சட்டத்தின்படி நடந்தன. குத்தகை ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதால் தகுதியுள்ள சர்வேயரின் எழுத்துமூல அறிக்கை தேவைப்பட்டது. செலவைக் கிளப் ஏற்றது. அறங்காவலர்களில் இருவர் எங்கள் உறுப்பினர்கள். எங்கள் விவகாரம் வந்தபோதெல்லாம் அவர்கள் அறையை விட்டு வெளியேறினார்கள், அது நடவடிக்கைக் குறிப்பிலும் பதிவானது. நண்பர்கள் உள்ளே இருந்தால் வேலை எளிது என்று நம்பியிருந்த எனக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் பின்னாளில் யாரும் முடிவை எதிர்த்துப் பேச முடியாமல் போனதற்கு அந்தக் குறிப்பே காரணம்.

குறிப்பிட்ட நோக்கத்துக்கென்றே வைக்கப்பட்ட நிலம் என்பதால், பொது அறிவிப்பு கொடுத்துக் குறைந்தது ஒரு மாதம் கருத்துகளுக்காகக் காத்திருக்கவும் வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் உறையிலிட்ட அறிவிப்பை அறங்காவலர்கள் வாயிற்கதவில் கட்டினார்கள். முதல் மழையிலேயே உறைக்குள் நீர் புகுந்து எழுத்து கரைந்துவிட்டது. ஒரு மாதக் கணக்கில் பின்னர் சந்தேகம் வரக்கூடாது என்று புதிய தேதியிட்டு மறுபடி கட்ட வைத்தேன். அதில் ஒன்றரை வாரம் போயிற்று.

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆதரவு. ஆட்சேபணைகளில் ஒன்று என்னை உறுத்தியது. சக்கர நாற்காலியில் இருக்கும் தாயைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு பெண், பெவிலியனுக்கு முன்னால் ஆட்ட நாள்களில் நாங்கள் கட்டும் கயிறு நடைபாதையின் குறுக்கே போகிறது, அவிழ்க்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் யாரையாவது தேட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அத்தனை ஆண்டுகளாக அந்தக் கயிற்றைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். எல்லைக்கோட்டை நான்கு கஜம் உள்ளே தள்ளி, பாதையைக் குத்தகைப் பகுதிக்கு வெளியே விட்டு வரைபடத்தைத் திருத்தினோம். பந்தடிப்பவர்களுக்கு இனி அந்தப் பக்கம் நான்கு ரன் சுலபம் என்று பந்துவீச்சாளர்கள் மட்டும் குறைப்பட்டார்கள்.

திருத்திய வரைபடத்தோடு பத்திரம் கையெழுத்தாகி, நிலப் பதிவகத்திலும் பதிவாயிற்று. அதன் நகலை அதே அட்டைப்பெட்டியில், ஸ்கோர் புத்தகங்களுக்கு மேலே வைத்திருக்கிறேன். முடியும் தேதியைப் பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.