டிரான்ஸ்ஃபரா சார்?

"நோரில்ஸ்குக்கு டிரான்ஸ்ஃபரா சார்?" என்று கேட்ட பையன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. சோவியத் ஆர்மேனியக் கட்டடக் கலைஞர் கெவோர்க் கோச்சாரைப் பற்றி ஸ்லைடில் நான் போட்டிருந்தது அப்படி: '1937-க்குப் பின் நோரில்ஸ்கில் பணி.' அப்பா அரசு வேலையில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அதுதான் தோன்றும். "அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குத் தாவினேன்.

அந்த மாதிரியா அது? கோச்சார் 1937இல் கைதானார். அவரோடு சேர்ந்து செவான் ஏரியில் ஆர்மேனிய எழுத்தாளர் சங்கத்துக்கு விடுதி வடிவமைத்த மிகயேல் மஸ்மன்யானும் அப்படியே. இருவரையும் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், சைபீரியாவில் இருக்கும் நோரில்ஸ்க் கைதி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கைதிகளாகவே கட்டட வரைபடம் போட்டார்கள். ஆக, 'பணி' பொய்யில்லை. அதுதான் உறுத்துகிறது. பொய்யென்றால் திருத்திவிட்டுத் தூங்கியிருப்பேன்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அன்றைய பாடம் கான்டிலீவர்: ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீளும் கட்டமைப்பு. 50 நிமிட வகுப்பு. திரும்பி வந்தபின் 1960-களில் அதே விடுதிக்குப் பக்கத்தில் கோச்சார் கட்டிய உணவுக்கூடத்துக்காகத்தான் அவரையே இழுத்தேன். பாறைச் சரிவில் தடித்த ஒற்றைக் கான்கிரீட் தூண்; அதன்மேல் ஏரியைப் பார்த்து வளைந்து நீளும் கண்ணாடிக் கூடம். சுமை எப்படி இறங்குகிறது என்று சொல்லவே நேரம் போதாது. (முதலில் விடுதி வரைந்தபோது அந்த இடம் தீவு. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் ஏரித் தண்ணீரை இறக்கி இறக்கி, அவர் இல்லாத காலத்தில் தீபகற்பமாகிவிட்டது. இதை மட்டும் மறக்காமல் சொன்னேன், பாருங்கள்.)

அவரை வெறும் அப்பாவி என்று ஒற்றை வரியில் முடிக்கவும் மனம் வரவில்லை. 1929இல் 'வோப்ரா' என்ற பாட்டாளிவர்க்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பழைய பாணிக்காரர்களை விளாசிய கோஷ்டி அது. கூடத் தொடங்கிய காரோ ஹலப்யானோ மாஸ்கோவில் நட்சத்திர வடிவில் செஞ்சேனை நாடக அரங்கம் கட்டும் அளவுக்கு உயர்ந்தார். இதையெல்லாம் ஒரு ஸ்லைடில் எப்படி அடைப்பது?

சப்பைக்கட்டுதான். 'கைதியாக' என்று ஒரு சொல் சேர்க்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?

மறுவருஷம் சேர்த்தேன். அதே 1937இல் ஆர்மேனியக் கவிஞர் சாரெண்ட்ஸ் தலைநகர் யெரெவானில் சிறையில் இறந்ததையும், எழுத்தாளர்களுக்கு விடுதி கட்டிய அரசு அவர்களையே என்ன செய்தது என்பதையும் சொன்னேன். வகுப்பு கப்சிப். தூணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தேர்வில் ஒரு மாணவி, அந்த ஒற்றைத் தூண் சிறைத் தனிமையைக் காட்டுகிறது என்று எழுதியிருந்தாள். பாறைச் சரிவு, சுமை, எதிர்ச்சுமை எதுவுமில்லை. ஐந்துக்கு இரண்டு போட்டேன். அடித்துவிட்டு மூன்றாக்கினேன். மார்க் பட்டியலை அனுப்புமுன் மறுபடி இரண்டாக்கினேன்.