தொட்டிக் குளியலும் வைக்கோல் பிரியும்

மே 3, சனி

கோடை விடுமுறைக்கு ஆச்சி வந்திருக்கிறார். எல்லோருமாக உட்கார்ந்து 'மை நெய்பர் டோட்டோரோ' பார்த்தோம். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1988-இல் எடுத்த அனிமேஷன் படம். ஜப்பானிய மொழியிலேயே ஓடவிட்டு, கீழே வரும் எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்பாவும் இரண்டு மகள்களும் ஒரே தொட்டியில் குளிக்கும் காட்சி வந்ததும் என் கை ரிமோட்டுக்குப் போய்விட்டது. ஆச்சி இருக்கிறாரே, மகனுக்கு ஒன்பது வயதாகிறதே என்ற பதற்றம். ஓட்டிவிட்டேன். "ஏம்மா ஓட்டுன?" என்றாள் சின்னவள். பதில் சொல்லவில்லை. ராத்திரி வரை உறுத்தியது.

மே 4, ஞாயிறு

காலையில் அந்தக் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்தேன். வெளியே பேய்க்காற்று, பழைய வீடு ஆடுகிறது, பிள்ளைகளுக்குப் பயம். அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார், அவர்களையும் சிரிக்கச் சொல்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும் வீடு அது. நான் வெட்டியது அந்தச் சிரிப்பைத்தான்.

ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு தொட்டியில் இறங்குவது சாதாரணம். உடம்பை முன்பே கழுவிவிடுவார்கள். தொட்டி, வெந்நீரில் ஊறி அலுப்புத் தீர்வதற்கு. இதைச் சொல்லி, பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியைப் போட்டேன். "சரி, அவங்க ஊர்ல அப்படி" என்றான் மகன். அவ்வளவுதான். சின்னவள் படத்து அப்பாவைப் போலவே சிரித்துக் காட்டினாள்.

நான் விளக்கத் தயாராக இருந்த இடங்களிலோ யாருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. பெரிய கற்பூர மரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து, "வைக்கோல் பிரி மாதிரில்லா இருக்கு. சாமி மரமா இருக்கும்" என்றார் ஆச்சி. ஷிமேனாவா என்கிற அந்தக் கயிறு நெல் வைக்கோலில் திரிப்பதுதான்! மழைக்கு ஒதுங்கும் அக்காவும் தங்கையும் வழியோரக் கல் சாமியைக் கும்பிட்டு அனுமதி கேட்கிறார்கள். ஜிசோ, பிள்ளைகளுக்கும் வழிப்போக்கருக்கும் காவல். "நம்ம தெருமுனைப் பிள்ளையார்" என்று சின்னவளே பெயர் வைத்துவிட்டாள். ஷூவைக் கழற்ற நேரமில்லாமல் அக்கா முட்டிபோட்டு வீட்டுக்குள் நகர்வதைக் கண்டு மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் அதைத்தான் செய்வான்.

மே 10, சனி

இன்று மியாசாகியின் இன்னொரு படம், 'போன்யோ', 2008-இல் வந்தது. அதில் ஐந்து வயது சோசுகே தன் அம்மாவை "லிசா" என்றே கூப்பிடுகிறான். "பெத்தவளைப் பேர் சொல்லியா?" என்று ஆச்சி முகம் சுளித்தார். 'அவங்க ஊர் வழக்கம்' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஜப்பானிலும் அது வழக்கமில்லை. அந்த ஒரு வீட்டின் வழக்கம். அப்படியே ஆச்சியிடம் சொன்னேன். அவருக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

மே 12, திங்கள்

இந்தப் படங்களை எடுத்த ஜிப்லி ஸ்டுடியோவின் வேறு படம் வேண்டுமாம் மகனுக்கு. 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' பெயரை எங்கோ பிடித்துவிட்டான். போரில் அநாதையாகும் அண்ணன் தங்கை கதை. 1988 ஏப்ரல் 16 அன்று டோட்டோரோவோடு சேர்த்தே தியேட்டரில் வெளியிட்டார்கள். அன்று இரண்டையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். "நாலு வருஷம் போகட்டும்டா, நானும் கூட உட்கார்றேன்" என்றேன். காலண்டரின் பின்பக்கத்தில் படத்தின் பெயரையும் '13 வயசு' என்றும் எழுதி வைத்திருக்கிறான்.