ஒரு குடம் தண்ணீரும் ஒரு பழைய கப்பலும்

2024 ஜூலை 6, சனி

தூத்துக்குடியிலிருந்து அம்மா ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் அடிலெய்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கடலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றாள். செமஃபோர் கடற்கரைக்குப் போகிற வழியில், போர்ட் அடிலெய்டில் வண்டியை நிறுத்தி 'சிட்டி ஆஃப் அடிலெய்டு' கப்பலைக் காட்டினேன். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் நான் அதற்குள் ஏறியதில்லை.

1864இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டிய கிளிப்பர், அதாவது வேகமாக ஓடும் பாய்மரக் கப்பல். இப்போது தண்ணீரில் இல்லை. கரையில் இரும்புத் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாய்மரங்கள் போய்விட்டன, உடல் மட்டும்தான் மிச்சம். உள்ளே இறங்கினால் வரிசையாக இரும்பு விலா எலும்புகள், அவற்றின் மேல் தேக்கும் எல்ம் மரமுமாகப் பலகைகள். முழுக்க இரும்பில் கட்டாதது ஏன் என்று மகன் கேட்டான். அடிப்பக்கம் செம்புத் தகடு அடிக்க வேண்டும், ஆனால் இரும்பின் மேல் செம்பு நேரடியாகப் பட்டால் உப்புத்தண்ணீரில் இரும்பு அரித்துவிடும், அதனால் நடுவில் மரம் என்று அங்கிருந்த தன்னார்வலர் விளக்கினார். செம்பு எதற்கு என்பதை அம்மாவே சொல்லிவிட்டாள். "இல்லாட்டி கொட்டலசு ஒட்டும்லா, பிறகு கப்பல் எப்படி ஓடும்?" கொட்டலசு என்றால் கப்பலின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடல் உயிர். அம்மா கொழும்புக்குப் போகிற தோணிகளைப் பார்த்து வளர்ந்தவள்.

இந்த மாதிரி இரும்புச் சட்டமும் மரப்பலகையுமாகக் கட்டிய கிளிப்பர்களில் உலகத்தில் மிஞ்சியிருப்பவை இரண்டுதான். லண்டனில் இருக்கும் 'கட்டி சார்க்' இதைவிட ஐந்து வருஷம் இளையது. அது தேயிலைக்காகக் கட்டியது, இது மனிதர்களை ஏற்றக் கட்டியது. 1864 முதல் 1887 வரை 23 முறை இங்கே வந்து போயிருக்கிறது. வரும்போது ஆட்கள், திரும்பும்போது கம்பளியும் செம்பும். மிக வேகமாக வந்த பயணத்துக்கு 65 நாள் ஆனது.

கீழ்த்தளத்தில் பலகையைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இங்கே ஒரு பெண் இரண்டு, மூன்று குழந்தைகளோடு இரண்டு மாதத்துக்கு மேல் எப்படி இருந்திருப்பாள் என்ற கேள்வி வீடு வந்து சேர்ந்த பிறகும் போகவில்லை. தெரிந்துகொள்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

அந்தக் காலத்தில் அரசு உதவியோடு ஆட்களைக் கொண்டுவந்த கப்பல்களில் கணவன் மனைவிக்குக் கொடுத்த படுக்கை ஆறடி நீளம், மூன்றடி அகலம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு. ஹாலில் தரையில் டேப் ஒட்டி அளந்து, நானும் அவரும் படுத்துப் பார்த்தோம். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரள வேண்டும். அவர் கால் டேப்பைத் தாண்டிப் போனது. மகன் நடுவில் வந்து விழுந்ததும் இடமே இல்லை.

தனியாக வந்த ஆண்களுக்கு முன்பக்கம், குடும்பங்களுக்கு நடு, கல்யாணமாகாத பெண்களுக்குப் பின்பக்கம் என்று பிரித்திருந்தார்கள். பெண்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மேட்ரன் இருப்பாள்.

ஜூலை 13, சனி

நார்த் டெரஸில் உள்ள மாநில நூலகத்தில் நாள் முழுக்க இருந்தேன். கப்பலில் வந்தவர்களின் நாட்குறிப்புகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் எல்லோரும் எழுதுவது ஒரே விஷயங்கள்: இன்று எந்த அட்சரேகை, நேற்றிலிருந்து எத்தனை மைல், காற்று எந்தப் பக்கம், சாப்பாடு என்ன. போகும் வழியும் ஒன்றுதான். ப்ளிமத்தை விட்டால் அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, ஒரே திசையில் நிலையாக வீசும் வணிகக் காற்றைப் பிடித்து, பிரேசில் பக்கமாக ஒதுங்கி, தெற்கு அட்சரேகை நாற்பதாவது பாகைக்குக் கீழே ஓயாமல் வீசும் மேற்குக் காற்றில் ஏறிக்கொண்டு கிழக்கே ஓடுவது. ஆப்பிரிக்காவின் முனையைக்கூடப் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதில்லை. நடுவில் எந்த ஊரிலும் நிற்காமலே பல கப்பல்கள் வந்து சேர்ந்தன.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் காற்றே இல்லாத பகுதி ஒன்று உண்டு. அங்கே மாட்டிக்கொண்டால் நாள்கணக்கில் பாய் தொங்கும். கீழ்த்தளத்தில் புழுக்கம் தாங்காமல் மேல்தளத்தில் வந்து படுப்பார்கள்.

படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. எழுதியவர்கள் பெரும்பாலும் கேபினில் வந்தவர்கள். அவர்களுக்கு மேஜை இருந்தது, வெளிச்சம் இருந்தது, நேரம் இருந்தது. கீழே கைக்குழந்தையோடு இருந்தவளுக்கு மூன்றும் இல்லை. நான் தேடுகிறவள் அவள்தான். காகிதத்தில் அவள் அதிகம் கிடைக்கமாட்டாள் என்றால், அவள் செய்த வேலைகளைச் செய்து பார்த்தாவது கிட்டே போக வேண்டும்.

ஜூலை 20, சனி

இன்று தண்ணீர்.

1855இல் வந்த பிரிட்டிஷ் பயணிகள் சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று குவார்ட் தண்ணீர். நம் கணக்கில் சுமார் 3.4 லிட்டர். சமையலுக்கு வேண்டியது தனி. பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் அரை ஆள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை கணக்கிலேயே வராது. எங்கள் வீட்டில் மூன்றரை ஆள். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு லிட்டர். அம்மா வரும்போது ஆசையாகக் கொண்டுவந்த எவர்சில்வர் குடத்தில் ஊற்றினேன். கழுத்து வரைக்கும் சரியாக வந்தது. ஒரு குடும்பத்துக்கு, ஒரு நாளைக்கு, ஒரு குடம்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். குடிக்க, டீ போட, பல் விளக்க, முகம் கழுவ, பாத்திரம் கழுவ எல்லாம் அதிலிருந்துதான். சமையலுக்கும் கழிவறைக்கும் மட்டும் குழாய். பத்து மணிக்குள் நான் பாதியைக் காலி செய்துவிட்டேன். பழக்கத்தில் டம்ளரைக் கழுவிக் கழுவிக் குடிக்கிற கை.

அம்மா குடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஏட்டி, நீ தள்ளு. லாரித் தண்ணிக்கு நின்ன காலத்துல இதுல ரெண்டு நாள் ஓட்டியிருக்கேன்." அப்புறம் எல்லாம் அவள் கையால்தான். ஒரு சொம்பை எடுத்து, தண்ணீரை ஊற்றாமல் விரல்களுக்கு நடுவே வழியவிட்டாள். முகம் கழுவிய தண்ணீர் கீழே வைத்த கிண்ணத்தில் விழுந்தது. அதே தண்ணீரில் தட்டுகளை முதலில் ஒரு முறை அலசினாள், பிறகு நல்ல தண்ணீர் ஒரு கை. அந்தத் தண்ணீரும் வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. மகனுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பத்துப் போட வேண்டும் என்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தாள். அவனுக்குக் காய்ச்சல் இல்லை. இருந்தாலும் வைத்தாள்.

ராத்திரி படுக்கப் போகும்போது குடத்தில் இரண்டு சொம்பு மிச்சம்.

அந்த இரண்டு சொம்பைப் பார்த்ததும் கீழ்த்தளத்துப் பெண் முதல்முறையாக எனக்குப் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. அவளும் காய்ச்சலுக்கென்று கொஞ்சம் ஒதுக்கித்தான் வைத்திருப்பாள்.

ஜூலை 21, ஞாயிறு

துணி துவைக்கக் கப்பலில் நல்ல தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். செமஃபோரில் ஒரு வாளி கடல் தண்ணீர் எடுத்து, ஒரு பருத்தித் துண்டையும் மகன் பனியனையும் துவைத்தேன். சோப்பு நுரைக்கவே இல்லை, வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொண்டது. வெயிலில் காய்ந்த பிறகும் துண்டு விறைப்பாக நின்றது. சாயங்காலக் காற்று பட்டதும் உப்பு ஈரத்தை இழுத்து மறுபடியும் நசநசவென்று ஆகிவிட்டது. பனியனைப் போட்டுக்கொண்ட மகன் அரை மணி நேரத்தில் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான், கழற்றிவிட்டேன். குழந்தைகளுக்கு அந்த அரிப்போடு இரண்டு மாதம்.

மழை வந்தால் கப்பலில் திருவிழா. விரித்த துணியிலும் வாளியிலும் பாத்திரத்திலும் பிடித்துக்கொண்டு துவைக்க ஓடுவார்கள். பல நாட்குறிப்புகளில் மழையைப் பற்றி எழுதும்போது மட்டும் எழுத்து சந்தோஷமாகிவிடுகிறது.

ஜூலை 30, செவ்வாய்

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கல் மாதிரி பிஸ்கட், மாவு, ஓட்ஸ், பட்டாணி, அரிசி. வெப்பக் கடலில் எலுமிச்சைச் சாறு. மேல் வகுப்புக்கு மட்டும் கோழியும் ஆடும் உயிரோடு கப்பலில் வரும்.

மனதில் நின்றது 'செத்த குதிரை'. மாலுமிகள் ஏறும்போதே ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாக வாங்கி, கரையிலேயே கடனுக்கும் வீட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். ஆக முதல் மாதம் முழுக்கச் செய்கிற வேலைக்குக் கையில் காசு வராது, செத்த குதிரைக்குத் தீனி போடுகிற மாதிரி. மாதம் முடிந்த அன்று வைக்கோலும் துணியுமாக ஒரு குதிரை செய்து, பாட்டுப் பாடி மேல்தளம் முழுக்க இழுத்துப் போய், பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் ஏற்றி, அங்கிருந்து கடலில் அறுத்து விடுவார்கள். பயணிகள் காசு போடுவார்கள். முன்பணம் வாங்கி வேலை பார்க்கிற கஷ்டம் நம் ஊருக்குப் புதிதில்லை. கடன் தீர்ந்த நாளை அவர்கள் ஊரைக் கூட்டிக் கொண்டாடியது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. ஒரு பாட்டிக்கு மூச்சுத் தொற்று, அறையைத் தனியாக்கி, கவுனும் முகக்கவசமும் போட்டு, போகும்போதும் வரும்போதும் கை கழுவி இரவு ஓடியது. கை கழுவும்போதெல்லாம் அந்தக் குடம் ஞாபகம் வந்தது.

1852இல் 'டைகான்டரோகா' என்ற கப்பல் லிவர்பூல் பக்கமிருந்து மெல்போர்னுக்கு 795 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. இரண்டு தளத்தில் அடைத்து. டைஃபஸ் பரவி, வழியிலேயே சுமார் 100 பேர் இறந்தார்கள். நவம்பரில், நோய் இருப்பதைக் காட்டும் மஞ்சள் கொடியோடு விரிகுடாவின் வாயிலில் வந்து நின்றது. பாயின்ட் நெப்பியன் கரையில் இறக்கித் தனிமைப்படுத்திய பிறகும் பல பத்துப் பேர் போனார்கள். டைஃபஸ் பேனால் பரவுவது. அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கப்பல் மருத்துவர்கள் தரையைத் தேய்க்கச் சொன்னார்கள், படுக்கையை மேலே கொண்டுபோய் உதறச் சொன்னார்கள். காரணம் தெரியாமலே செய்ததில் பாதி சரியான வேலை. ஆனால் மாற்றுத் துணியும் வெந்நீரும் இல்லாத இடத்தில் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இறந்தவரைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்து, கனம் கட்டி, பிரார்த்தனை படித்துக் கடலில் இறக்குவார்கள். கப்பல் நிற்காது. திரும்பி வந்து பார்க்க ஒரு இடம் கிடையாது.

நம் கப்பலிலும் நடந்தது. 1874 பயணத்தில் ஸ்கார்லெட் காய்ச்சல் ஏழு உயிரை எடுத்தது. இதே கப்பல் பின்னாளில், 1893இல், சௌத்தாம்ப்டனில் தொற்றுநோயாளிகளைத் தனியாக வைத்துப் பார்க்கும் மிதக்கும் மருத்துவமனை ஆனது. என்னைப் போன்ற நர்ஸுகள் அதே பலகைகளின் மேல் நடந்திருக்கிறார்கள். முதல் நாள் தொட்டுப் பார்த்தபோது இது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ராத்திரி முழுக்கக் காற்று. தெற்குக் கடலில் புயல் வந்தால் கப்பலில் கீழ்த்தளக் கதவுகளை மேலிருந்து மூடி இறுக்கிவிடுவார்கள். தீப்பிடிக்கும் என்று விளக்கையும் அணைத்துவிடுவார்கள். இருட்டு, வாந்தி, உருளும் பாத்திரங்கள், இடுக்கு வழியாக ஒழுகும் கடல் தண்ணீர். கேப்டனுக்கோ அதுதான் நல்ல காற்று, ஒரு நாளில் இருநூறு முந்நூறு மைல் ஓடும். மேலே வேகம், கீழே பயம்.

ஜன்னல் அடித்துக்கொண்டதில் மகன் எழுந்து எங்கள் நடுவில் வந்து படுத்தான். நான் நகரவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

சரியாக 150 வருஷம். 1874 ஆகஸ்ட் 24 அன்று, ஏழு பேரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த 'சிட்டி ஆஃப் அடிலெய்டு', துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு கிரேஞ்ச் பகுதியில் கர்க்கால்டி கடற்கரையில் தரைதட்டி நின்றது. சரக்கில் கொஞ்சத்தை இறக்கி இழுத்து, ஒரு வாரம் கழித்துத்தான் மிதக்க வைத்தார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1872 ஆகஸ்டில், அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் நடுவே தந்திக் கம்பி இழுத்து முடித்திருந்தார்கள். கடலடியில் ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு என்று போகும் அந்தக் கம்பி மதராஸில் கரை ஏறியது. ஆக, வந்து சேர்ந்த செய்தி மதராஸ் வழியாக லண்டனுக்குப் போகலாம். யார் இறந்தார்கள் என்பதைக் கீழ்த்தளத்து ஏழைகள் கடிதத்தில்தான் எழுதியிருப்பார்கள். தந்தியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு.

நாலு மணிக்கு கிரேஞ்ச் போனோம். குளிர்காற்று, ஆள் நடமாட்டம் குறைவு. தண்ணீர் ஆழமே இல்லை, தூரம் வரைக்கும் மணல் நிறம் தெரிகிறது. இங்கே நின்றிருந்தால் கப்பலில் இருந்தவர்களுக்குக் கரையில் மனிதர் தலை தெரிந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன். கையை நெற்றியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இம்புட்டு கிட்ட வந்துட்டாவளே" என்றாள்.

மகன் முழங்கால் வரை நனைந்து வந்தான். அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முதலில் ஒரு கால், அப்புறம் மறு கால் என்று விரல் இடுக்கு வரை உப்பும் மணலும் போகத் தேய்த்தாள். இரண்டு கை தண்ணீர்தான் செலவானது. பாட்டிலை மூடித் திரும்பப் பைக்குள் வைத்தாள்.